இருண்ட திரைக்கு ஹார்டு டிஸ்க்கை மாற்றிப் பார்க்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிக் கேள்வி பதில் பகுதியில், தம் மடிக்கணினியின் திரை அடிக்கடி இருண்டுபோவதாகச் சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். "ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திப் பாருங்கள், அங்கே நன்றாகத் தெரிந்தால் பழுது உங்கள் கணினியில், தெரியாவிட்டால் பழுது டிஸ்க்கில்" என்று அவருக்கு இரண்டே வரிகளில் விடை தரப்பட்டிருந்தது. காரைக்குடிக்கு அருகே புதுவயலில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தட்டச்சும் அழைப்பிதழ் வடிவமைப்பும் செய்துவரும் எனக்கு, அதைப் படித்தபின் பேசாமல் இருக்க மனம் வரவில்லை. சொல்லப்பட்ட வழி தவறானதன்று. ஆனால், எந்தக் கணினியிலிருந்து எந்தக் கணினிக்கு மாற்றுவது, அதற்கு முன் எதையெல்லாம் பார்த்து முடித்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்த வழியே ஒருவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும்; அவருடைய கோப்புகளுக்கும் உலை வைத்துவிடும். இந்த இரண்டையும் நான் பட்டு அறிந்தவன்.

எங்கள் பகுதியில் இப்படி மாற்றிப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் பரவியதற்குக் காரணம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபின், பள்ளத்தூர், கண்டனூர், கோட்டையூர் என்று எந்த ஊருக்குப் போனாலும், ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகளின் வீடுகளில் ஒரே மாதிரியான மடிக்கணினிகள் இருந்தன. ஒன்று பழுதானால், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணினியை வாங்கி வந்து, அடிமூடியைத் திறந்து, டிஸ்க்கை மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வழியாக வாங்கி வழங்கப்பட்ட அந்தக் கணினிகள் ஒரே ரகத்தைச் சேர்ந்தவையாக இருந்தவரை இந்தச் சோதனை பெரும்பாலும் சரியான விடையையே தந்தது. அக்காவுக்கு ஓர் ஆண்டில் ஒரு நிறுவனத்தின் கணினியும், தம்பிக்குப் பின்னோர் ஆண்டில் வேறொரு நிறுவனத்தின் கணினியும் கிடைத்த வீடுகளில்தான் குழப்பம் தொடங்கியது. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பாடநூல்கள் வன்வட்டு என்றும் கடைத்தெரு ஹார்டு டிஸ்க் என்றும் சொல்லும் அந்தப் பெட்டிக்குள் இருப்பவை மூன்று: விண்டோஸ் போன்ற இயங்குதளம், திரைக்கான படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சிப்பை வேலை வாங்கும் டிரைவர் என்னும் மென்பொருள், நம்முடைய கோப்புகள். படம் திரைக்கு வந்து சேரத் தேவையான மற்றவை எல்லாம் கணினியின் உடம்பைச் சேர்ந்தவை. மதர்போர்டு என்னும் முதன்மைப் பலகையும் கிராபிக்ஸ் சிப்பும் கீழே இருக்கின்றன. படம் தோன்றும் பேனலும், அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பின்னொளியும் மேல்மூடியில் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் மெல்லிய கேபிள் கீலின் வழியாகச் செல்கிறது. ஆகவே டிஸ்க்கை மாற்றுவது என்பது, குடியிருப்பவரை வேறு வீட்டில் இருத்திப் பார்ப்பதைப் போன்றது. தொல்லை அவரோடு கூடவே போனால் அது மென்பொருளின் தொல்லை. பழைய வீட்டிலேயே தங்கிவிட்டால் அது உடம்பின் தொல்லை. இந்த அளவில் தங்கள் விடை சரியானதுதான்.

ஆனால் இதைத் தெரிந்துகொள்ள இரண்டாவது கணினியே வேண்டியதில்லை என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மின்பொத்தானை அழுத்தியவுடன் திரையில் தோன்றும் நிறுவனத்தின் சின்னம் டிஸ்க்கிலிருந்து வருவதன்று. அது மதர்போர்டிலேயே உள்ள ஒரு சில்லிலிருந்து வருகிறது. அந்த நேரத்தில் எப்2, எப்10, டெலீட் ஆகியவற்றுள் அந்தந்த நிறுவனத்துக்குரிய பொத்தானை அழுத்தினால் வரும், பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புகளின் பக்கமும் அப்படித்தான். அங்கேயே கோடுகள் விழுந்தாலோ, திரை நடுங்கினாலோ, இருண்டே கிடந்தாலோ, விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை என்பதால் டிஸ்க்கின் மேல் பழி போட இடமில்லை. ஐயம் தீரவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கணினியை இயக்கிப் பார்க்கலாம். துவக்குவதற்கு எந்தச் சாதனமும் இல்லை என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி திரையில் வர வேண்டும். அந்த வரிகூடத் தெரியாவிட்டால், டிஸ்க்கை எத்தனை கணினிகளுக்கு மாற்றினாலும் புதிதாகத் தெரிய வருவது ஒன்றுமில்லை. மிக அரிதாக, மின்கசிவு ஏற்பட்ட டிஸ்க் கணினியையே எழவிடாமல் அமுக்கி வைத்திருக்கும். அதுவும் கழற்றியவுடன் தெரிந்துவிடும்.

இனி, வெவ்வேறு ரகக் கணினிகளுக்கு இடையே மாற்றும்போது நேரும் ஏமாற்றத்துக்கு வருகிறேன். தேவகோட்டையில் இருக்கும் என் தங்கை மகனுடைய மடிக்கணினி, சென்ற ஆண்டு ஒரு நாள் இயக்கியவுடன் சின்னத்தைக் காட்டியது. புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. பிறகு திரை கறுத்துவிட்டது. அவன் டிஸ்க்கைக் கழற்றி, வேறு நிறுவனம் தயாரித்த தன் நண்பனுடைய கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறான். அங்கே படம் பளிச்சென்று வந்தது. தங்கள் விடையில் உள்ளபடியே, பழுது கணினியின் உடம்பில்தான் என்று அவன் முடிவு செய்துவிட்டான். கடையில் கொடுத்து, 5,500 ரூபாய் செலவில் புதுப் பேனலும் போட்டாயிற்று. புதுப் பேனலும் அதே இடத்தில் கறுத்தது.

அதன் பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தான். "கம்பெனிப் பேரு தெரியுதாப்பா?" என்று கேட்டேன். "அது நல்லாத் தெரியுது மாமா, அதுக்கப்புறந்தான் போயிடுது" என்றான். சின்னம் நன்றாகத் தெரிகிறது என்றால் பேனல், கேபிள், பின்னொளி எல்லாம் நலமாகவே இருக்கின்றன. கறுப்பது விண்டோஸ் தன்னுடைய டிரைவரை ஏற்றும் கணத்தில். அப்படியானால் நண்பனின் கணினியில் ஏன் அந்தத் தொல்லை தொடரவில்லை? வேறு கிராபிக்ஸ் சிப் உள்ள கணினியில் எழுந்ததும், விண்டோஸ் பழைய டிரைவரைத் தொடுவதே இல்லை. தன்னிடமுள்ள பொதுவான அடிப்படை டிரைவரையோ, அந்தச் சிப்புக்குரிய வேறொன்றையோ ஏற்றிக்கொள்கிறது. கெட்டுப்போன டிரைவர் டிஸ்க்கிலேயே இருந்தும் அங்கே அதற்கு வேலையில்லாமல் போகிறது. குற்றம் டிஸ்க்கில் இருக்க, உடம்பில் இருப்பதாகச் சோதனை பொய் சொல்கிறது. தொடக்கத்திலேயே மும்முறை மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்ததும் விண்டோஸ் தன் பழுதுநீக்கும் பக்கத்தைக் காட்டியது. அதன் வழியே, அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேப் மோடுக்குப் போய், அண்மையில் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்த கிராபிக்ஸ் டிரைவரைப் பழையபடி ஆக்கியபின், படம் வந்துவிட்டது. அந்த 5,500 ரூபாய் ஒரு கல்லூரி மாணவன் விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ஆகவே மாற்றிப் பார்ப்பதென்றால் இரண்டும் ஒரே ரகமாக, அதே மாடல் எண்ணும் அதே கிராபிக்ஸ் சிப்பும் உடையவையாக இருக்க வேண்டும். அதோடு, ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதாது. பழுதான கணினியின் டிஸ்க்கை நல்ல கணினியிலும், நல்ல கணினியின் டிஸ்க்கைப் பழுதானதிலும் போட்டு, இரண்டு விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கணினியைத் திறந்து, பேட்டரியின் இணைப்பை எடுத்து, எல்லாவற்றையும் மறுபடி பொருத்தும்போது, தங்கியிருந்த மின்னூட்டம் வடிந்தோ, தளர்ந்திருந்த ராம் என்னும் நினைவகப் பட்டை சரியாக அமர்ந்தோ, தொல்லை தானாகவே நின்றுவிடுவது உண்டு. அந்த நேரத்தில் வேறு டிஸ்க் உள்ளே இருந்தது என்பதற்காகப் பழைய டிஸ்க்கைத் தூக்கி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கடைசியில் பழைய டிஸ்க்கையே மீண்டும் போட்டு, தொல்லை திரும்ப வருகிறதா என்று பார்த்தபின்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஒரே ரகத்தில் இரண்டாவது கணினி கிடைக்காதவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. ஒரு பென்டிரைவில் லினக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளத்தைப் பதிந்து, அதிலிருந்தே கணினியை எழுப்பலாம். உடம்பு அப்படியே இருக்க மென்பொருள் மட்டும் மாறுகிறது. ஒரு திருகுகூடக் கழற்ற வேண்டியதில்லை. அரசு வழங்கிய மடிக்கணினிகளில் பலவற்றில் விண்டோஸுடன் லினக்ஸில் ஒரு வகையான பாஸ் லினக்ஸும் சேர்த்தே பதியப்பட்டிருந்தது. இயக்கும்போது அதைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அதுபோலவே எச்டிஎம்ஐ கேபிளால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்ப்பது. அங்கே படம் ஒழுங்காக வந்தால் கிராபிக்ஸ் சிப் நன்றாக இருக்கிறது என்றும், பழுது கேபிளிலோ பேனலிலோ இருக்கிறது என்றும் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

என் கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2019இல் ஒரே நாளில் ஒரே ரகமாக வாங்கிய இரண்டு மடிக்கணினிகளில்தான் என் பிழைப்பு நடக்கிறது. கடந்த தை மாதக் கடைசியில், மறுநாள் காலை காரைக்குடி அச்சகத்துக்குப் போக வேண்டிய ஒரு திருமண அழைப்பிதழை இரவு பத்து மணிக்குத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரு கணினியின் திரை இரண்டு முறை சிமிட்டிவிட்டு அணைந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அலைபேசியின் டார்ச்சை ஏற்றி, திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். கிணற்றின் அடியில் கிடக்கும் காசைப் போல, கறுப்புக்குள் மங்கலாக ஒரு பிள்ளையார் சுழி தெரிந்தது; அதன் கீழே "சிவமயம்" என்ற சொல், அதன் கீழே மணமகளின் பெயர். படம் வந்துகொண்டுதான் இருக்கிறது. பின்னொளி மட்டும் இல்லை என்பது விளங்கிவிட்டது. மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தபோது, ஏறத்தாழ அரைவாசி மூடிய கோணத்தில் ஒளி திரும்பி வந்து, கையை எடுத்ததும் போய்விட்டது. நாள்தோறும் திறந்து மூடி, கீலுக்குள் மடங்கி மடங்கி, பின்னொளிக்கு மின்சாரம் கொண்டுபோகும் இழை கேபிளுக்குள்ளேயே அறுந்திருந்தது.

அன்றிரவு எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தது டிஸ்க்கை மாற்றியதுதான். பழுதான கணினியின் டிஸ்க்கை அதே ரகத்தைச் சேர்ந்த மற்றதில் பொருத்தியவுடன், எழுத்துருக்களும் பாதி திருத்திய கோப்பும் விட்ட இடத்தில் விட்டபடியே இருந்தன. பதினொன்றரை மணிக்கு வேலை முடிந்தது. திரைப் பழுதைக் கண்டுபிடிக்க உதவுவதைவிட, திரை போனாலும் வேலை நிற்காமல் இருக்க உதவுவதுதான் இந்த முறையின் பெரிய நன்மை என்பது என் கருத்து. கேபிளை மாற்ற 950 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன்பு தொலைபேசியில் விசாரித்த ஓரிடத்தில், பார்க்காமலேயே "போர்டு போயிருக்கும், பதினாலாயிரம் ஆகும்" என்று சொல்லியிருந்தார்கள்.

இந்தக் கவனமெல்லாம் எனக்கு முதலிலேயே இருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், இதேபோல் திரை இருண்ட வேறொரு கணினியை டிஸ்க்கோடு ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரை ஒளியோடு திரும்பி வந்தது. "விண்டோஸ் புதுசாப் போட்டுக் குடுத்திருக்கோம் சார்" என்றார்கள். டிஸ்க்கை முழுவதுமாக அழித்துவிட்டுப் போட்டிருந்தார்கள். நான்கே நாளில் திரை மறுபடி அணைந்தது. குற்றம் அப்போதும் கேபிளில்தான் இருந்திருக்கிறது. என்னுடைய அழைப்பிதழ் வடிவங்கள் போனதைப் பற்றி நான் இங்கே முறையிடவில்லை. கண்டனூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர், தம் மாமனாருக்கும் முந்தைய தலைமுறையில் இரங்கூனில் எழுதப்பட்ட வட்டிக்கடைப் பேரேடு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, தொட்டால் உதிரும் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக நகலெடுத்துக் கணினியில் வைக்கச் சொல்லியிருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் அந்த டிஸ்க்கில் இருந்தன. பென்டிரைவில் போட்டுத் தருவதை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான் தள்ளிப்போட்டிருந்தேன். அசல் ஏட்டை அதற்குள் செல்லரித்துவிட்டது. செய்தியைச் சொல்ல நேரில் போனபோது, "இருக்கட்டும் தம்பி, நீங்க வேணும்னா செஞ்சீங்க" என்று சொல்லி மோர் கொடுத்தார். அதை வாங்கிக் குடிக்க எனக்குக் கை வரவில்லை.

இதனால்தான் எந்தத் திரைப் பழுதுக்கும் முதல் வேலை கோப்புகளைப் படியெடுப்பது என்று என் கடைக்கு வருவோரிடமெல்லாம் சொல்லிவருகிறேன். திரை தெரியாவிட்டாலும் தொலைக்காட்சியில் இணைத்துப் படியெடுக்கலாம். அதுவும் இயலாவிட்டால், கழற்றிய டிஸ்க்கை யுஎஸ்பி கேசிங் என்னும் வெளிக்கூட்டில் போட்டு, வேறு கணினியில் பென்டிரைவைப் போலவே திறக்கலாம். டிஸ்க்கை வேறு கணினியின் உள்ளே பொருத்தி எழுப்புவதைவிட இது பாதுகாப்பானது. ஏனெனில் வேறு உடம்பில் எழுந்த விண்டோஸ், அந்த உடம்புக்கான டிரைவர்களையும் அமைப்புகளையும் டிஸ்க்கில் எழுதிக்கொள்கிறது. உரிமம் செல்லாது என்றும் சில வேளை அறிவிக்கிறது. துவக்கும் முறையோ சேமிப்பு முறையோ பயாஸில் வேறாக இருந்தால் நீலத் திரை காட்டி நின்றுவிடுகிறது. அதைப் பார்த்து, நல்ல டிஸ்க்கையே கெட்டதென்று எண்ணிவிடுகிறோம்.

இப்போது விற்பனையாகும் கணினிகளில் வேறொரு பூட்டும் இருக்கிறது. விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில், மைக்ரோசாப்ட் கணக்கின் வழியே நுழைந்தவுடன், நாம் தனியாகக் கேட்காமலே சேமிப்பு முழுவதும், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. அதன் சாவி அந்தக் கணினியின் போர்டிலுள்ள பாதுகாப்புச் சில்லில் இருப்பதால், டிஸ்க்கை வேறு கணினியில் போட்டால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். பொதுவாக அந்த எண் உரியவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை முன்கூட்டியே தாளில் குறித்து வைத்துக்கொள்ளாதவர் இந்தச் சோதனையைத் தொடாமல் இருப்பதே நல்லது. இன்னும் மலிவான சில கணினிகளில் சேமிப்புச் சில்லு போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே கழற்றுவதற்கே ஒன்றுமில்லை. எம்.2 என்னும் சிறு பட்டை வடிவ டிஸ்க்கில் இணைப்பு முறையைப் பொறுத்து சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகைகள் உண்டு. ஒன்றுக்குரிய இடத்தில் மற்றது உட்கார்ந்தாலும் வேலை செய்யாமல் போகலாம்.

திறப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டுப் பழைய வீடுகள் பலவற்றில் இன்னும் எர்த் இணைப்பு இல்லாத இரண்டு துளை பிளக்குகளே இருக்கின்றன. அங்கே சார்ஜரில் இருக்கும் மடிக்கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென்று ஏறும். எனவே சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியின் இணைப்பையும் எடுத்தபின்தான் உள்ளே கை வைக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடாமல், தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். நான் ஒரு பழைய அஞ்சறைப் பெட்டியை இதற்கென்றே வைத்திருக்கிறேன். அடிமூடியின் நீளத் திருகுகள் ஒரு கிண்ணத்தில், குட்டைத் திருகுகள் ஒன்றில், டிஸ்க்கைப் பிடிக்கும் நான்கு திருகுகள் தனியாக ஒன்றில். குட்டை இருக்க வேண்டிய இடத்தில் நீளத் திருகை முறுக்கினால் அது போர்டையே துளைத்துவிடக்கூடும்.

பழுதுபார்க்கும் கடைக்காரர்களிடம் தங்கள் நாளிதழ் வழியாக வேண்டிக்கொள்வதும் உண்டு. கணினியை வாங்கும்போதே டிஸ்க்கின் வரிசை எண்ணை ரசீதில் எழுதித் தாருங்கள். திரைப் பழுதுக்காக வந்த கணினியின் டிஸ்க்கை, உரியவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் அழிக்காதீர்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள். வாடிக்கையாளர் தம் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கணினியை மட்டும் தந்தால் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திரைப் பழுதைப் பார்க்க அவருடைய டிஸ்க் உங்களுக்குத் தேவையில்லை, பென்டிரைவிலுள்ள லினக்ஸே போதும். இதே பகுதியில் பொறுப்போடு தொழில் செய்யும் இளைஞர்கள் பலரை எனக்குத் தெரியும். என் கேபிளை மாற்றித் தந்தவர், அறுந்த பழைய கேபிளைக் கையில் கொடுத்து, எந்த இடத்தில் இழை போயிருக்கிறது என்பதையும் காட்டினார்.

ஆசிரியர் அவர்களே, திரை இருண்டு கேள்வி கேட்ட அந்த வாசகர் இதற்குள் தம் டிஸ்க்கைக் கழற்றியிருப்பாரோ என்னவோ. கழற்றியிருக்காவிட்டால், முதலில் கோப்புகளைப் படியெடுக்கவும், அடுத்துச் சின்னமும் பயாஸ் பக்கமும் தெரிகின்றனவா என்று பார்க்கவும், அதன் பிறகும் தேவைப்பட்டால் மட்டும் அதே ரகக் கணினியில் மாற்றிப் பார்க்கவும் என்னும் இந்த வரிசையை, அந்த விடை வெளியான அதே பகுதியிலேயே, இயன்றால் இந்த வாரமே, வெளியிட வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தட்டச்சு, அழைப்பிதழ் வடிவமைப்பு நிலையம் நடத்துபவர்,
புதுவயல், காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.